வியர்வையும் வணக்கமும்: செனகல் நாட்டு முரீதியர்

சூபிகள் என்றவுடன், உலகைத் துறந்து தனித்திருந்து தியானிக்கும் ஞானியரின் உருவமே பலரது மனத்தில் எழுகின்றது. தமிழிலக்கியம் பயில்வோர்க்கு இவ்வுருவம் மேலும் நெருக்கமானது. குணங்குடி மஸ்தான் சாகிபு, தக்கலை பீர்முகம்மது அப்பா ஆகியோரின் பாடல்கள் வாயிலாகவே அவர்கள் சூபித்துவத்தை அறிந்துள்ளனர். பாடலிலே தனிமனித ஆன்மாவின் தாகம் முதன்மை பெறுவது இயல்பே. ஆயின், வரலாற்றை நோக்குமிடத்து, சூபித்துவம் பெரும்பாலும் கூட்டமாகவே வாழ்ந்து வந்துள்ளமை புலனாகும். தரீக்கா என்னும் அரபுச் சொல் வழி எனப் பொருள்படும். அது வழி மட்டுமன்று. அவ்வழியிற் செல்வோரின் அமைப்புமாகும். ஷெய்குவிடம் பைஅத்துச் செய்து, அவர் காட்டியவற்றை ஓதி, ஆண்டுதோறும் கந்தூரியிற் கூடும் கூட்டத்துக்குப் பணம் வேண்டும், நிலம் வேண்டும், உணவு வேண்டும். ஷெய்கு இறந்தால் அடுத்தவர் யார் என்னும் கேள்விக்கு விடை வேண்டும். இவற்றை ஒதுக்கிவிட்டுச் சூபித்துவத்தைப் பேசுவது, கோயிற் பொருளாதாரத்தை ஒதுக்கிவிட்டுச் சோழர்காலப் பக்தியைப் பேசுவது போலாகும்.

இத்தகைய அமைப்பொன்று பணப்பயிருக்கும் அந்நிய ஆட்சிக்கும் நகர வாழ்வுக்கும் கடல்கடந்த தொழில்தேட்டத்துக்கும் முகங்கொடுத்த வரலாற்றைத் துலக்கமாகக் காட்டுவது, மேற்கு ஆபிரிக்காவின் செனகல் நாட்டிலுள்ள முரீதிய்யா தரீக்காவாகும். காதிரிய்யா, ஷாதுலிய்யா போன்று பல நூற்றாண்டுப் பழைமை இதற்கில்லை. 1880களிலே தோன்றிய இதன் வாழ்நாள் முழுவதும் நவீன காலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. எனவே, பழைமையான சமய அமைப்பொன்று நவீனத்தைப் பிற்காலத்திற் சந்தித்தது என்னும் வழக்கமான கதை இங்குப் பொருந்தாது. புகையிரதமும் முரீதியரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அந்நிலத்துக்கு வந்தவர்கள் எனலாம்.

டக்காருக்கும் சென் லூயிக்கும் இடையிலான புகையிரதப் பாதை 1885 இல் நிறைவுற்றது. அதனை எதிர்த்து நின்ற காயோர் அரசின் தலைவன் லாற் தியோர் அடுத்த ஆண்டே பிரான்சியரோடு பொருது மாண்டான். வொலொஃப் மக்களின் அரசுகள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தபோது, அவற்றை அண்டி வாழ்ந்த போர்வீரரும், அவற்றாற் சூறையாடப்பட்ட குடியானவரும், அடிமைகளாயிருந்தோரும் ஒருங்கே நிலைகுலைந்தனர். பழைய ஒழுங்கு அழிந்தது; புதிய ஒழுங்கோ அந்நியருடையது. இச்சூழலிலேதான் அஹ்மது பம்பா என்னும் அறிஞரைச் சுற்றி மக்கள் திரளலாயினர். பம்பா 1853 அளவிற் பாவோல் பிரதேசத்திற் பிறந்தவர். காதிரிய்யா வழியிற் பயின்றவர். அரபு மொழியிற் கஸீதாக்களைப் பெருந்தொகையாக இயற்றியவர். அவருடைய தந்தையார் அரசவையில் நீதிபதியாக விளங்கியவர். 1883 அளவில் தந்தையார் மறைந்தபின், அரசரை அண்டிவாழும் அவ்வாழ்வைப் பம்பா ஏற்கவில்லை. அரசரின் வாயிலிற் காத்து நிற்கும் மார்க்க அறிஞரை அவர் மதித்ததில்லை. 1880களின் பிற்பகுதியில், வறண்ட சமவெளி ஒன்றிலே தூபா என்னும் சிற்றூரை அவர் நிறுவினார்.

ஆயுதமற்ற ஒருவரைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் கூடுவது ஆட்சியாளருக்கு அச்சமூட்டியது. 1895 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்திற் பம்பா கைதுசெய்யப்பட்டார். அவர் கிளர்ச்சி செய்ததற்குத் தக்க சான்றெதுவும் இல்லாதபோதும், சென் லூயி நகரிற் கூடிய ஆலோசனைச் சபை அவரைக் காபொன் நாட்டுக்கு நாடுகடத்தத் தீர்மானித்தது. ஏழாண்டுகள் அங்கே கழிந்தன. 1902 இல் மீண்டவரை மறு ஆண்டே மொரித்தானியாவுக்கு அனுப்பினர்; 1907 வரை அங்கிருந்தார். அதன் பின்னரும் இறக்கும்வரை, அதாவது 1927 வரை, அவர் கண்காணிப்பின் கீழேயே வாழ்ந்தார். தாம் நிறுவிய தூபாவிலே வாழும் உரிமை அவருக்கு மீண்டும் கிட்டவில்லை. ஜனாஸாவாகவே அங்குத் திரும்பினார். நாடுகடத்தல் அவரது செல்வாக்கைக் குறைக்கும் என ஆட்சியாளர் கணக்கிட்டனர். விளைவு நேர்மாறானது. அவர் நாடுகடத்தப்பட்ட நாளாகிய ஸபர் மாதம் 18 ஆம் நாளே இன்று முரீதியரின் பெருவிழாவாகிய மாகால் கொண்டாடப்படும் நாளாகும். தலைவர் பிறந்த நாளையோ இறந்த நாளையோ விடுத்து, அவர் தண்டிக்கப்பட்ட நாளை நன்றி நாளாகக் கொண்டாடும் சமூகங்கள் அரிது.

முரீதியர் பற்றிய எழுத்துகள் யாவற்றிலும் இடம்பெறும் செய்தி, உழைப்புக்கு அவர்கள் அளித்த ஏற்றமாகும். பம்பா அறிஞர்; நூலும் ஓதலும் அவரது வழி. ஆனால், அவரை நாடி வந்தோருட் பலர் எழுத்தறியாதவர்கள். அவர்களுக்கென ஒரு வழியை வகுப்பதிற் பெரும்பங்கு கொண்டவர் இப்றா ஃபால். போர்வீரர் மரபிலே தோன்றிய இவர் 1880களிற் பம்பாவிடம் வந்து சரணடைந்து, விறகு வெட்டுதல், நீர் சுமத்தல், நிலம் உழுதல் ஆகியவற்றையே தமது வணக்கமாக்கிக் கொண்டார். ஷெய்குவுக்காகச் செய்யும் பணியே சீடனின் தொழுகை என்பது அவரைப் பின்பற்றும் பாய் ஃபால் பிரிவினரின் கொள்கை. அவர்களுள் ஒரு சாரார் ஐவேளைத் தொழுகையையும் நோன்பையும் விட்டுவிட்டமை ஏனைய முஸ்லிம்களின் கண்டனத்துக்கு இன்றுவரை ஆளாகி வருகின்றது. கண்டனம் மார்க்க நோக்கில் நியாயமானதே. எனினும், சமூக நோக்கில் வேறொன்றையும் காணவேண்டியுள்ளது. வொலொஃப் சமூகத்திலே மண்வெட்டியைத் தொடுவது இழிவெனக் கருதிய வீரர் குலத்தவன், மண்வெட்டியை வணக்கப் பொருளாக ஏந்தினான். அடிமையாய் உழைத்தவனும் அதே வயலில் அவனருகே நின்றான். அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோதும் அடிமையின் இழிவு சட்டத்தால் ஒழியவில்லை; அதனை ஓரளவேனும் கழுவியது இந்த உழைப்பே.

இவ்வுழைப்புக்கு அமைப்பு வடிவம் கொடுத்தது தாரா எனப்படும் குடியிருப்பு. தாரா என்பது முதலிற் குர்ஆன் பாடசாலையையே குறித்தது. முரீதியரிடையே அது, மணமாகாத இளைஞர் ஒரு ஷெய்குவின் கீழ்க் கூடிவாழ்ந்து, காடு வெட்டி நிலந்திருத்தும் பண்ணையையும் குறிக்கலாயிற்று. பத்தாண்டு வரையில் அவ்விளைஞர் கூலியின்றி உழைப்பர்; விளைச்சல் ஷெய்குவுக்குரியது. அக்காலம் முடிந்ததும் ஷெய்கு அவர்களுக்கு நிலம் பங்கிட்டு, மணம் முடித்துவைத்து, குடியானவராக்குவார். குடியானவரான பின்னரும் வாரத்திற் புதன்கிழமைதோறும் ஷெய்குவின் வயலில் உழைக்கும் வழக்கம் பல ஊர்களில் நிலவியது. விளைந்த பயிரோ நிலக்கடலை. இலங்கையிற் கச்சான் எனப்படுவது. பிரான்சின் எண்ணெய் ஆலைகளும் சவர்க்கார ஆலைகளும் வேண்டிநின்ற பணப்பயிர் அது. சீடனின் வணக்கம் வயலிலிருந்து மூட்டையாகிப் புகையிரதமேறி மார்சே துறைமுகத்தை அடைந்தது.

இங்கேதான் ஆய்வாளரிடையே பெரும் விவாதம் எழுகின்றது. பிரான்சிய மானிடவியலாளர் ஜான் கோப்பான் 1980 இல் வெளியிட்ட நூலுக்கு 'நிலக்கடலை மரபூக்கள்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். மரபூ என்பது அந்நாட்டில் ஷெய்குவைக் குறிக்கும் சொல். உற்பத்தி உறவுகளைக் கொண்டு நோக்கினால், சீடரின் இலவச உழைப்பில் ஷெய்குகள் செல்வராயினர் என்பதை மறுக்க முடியாது. பெரிய ஷெய்குகளின் மாளிகைகளும் மோட்டார் வண்டிகளும் இதற்குச் சான்று. அந்நிய ஆட்சியும், தனக்கு வேண்டிய பயிரைத் தன் செலவின்றி விளைவித்துக் கொடுக்கும் இவ்வமைப்பைச் சிறிது காலத்துள் விரும்பத் தொடங்கியது. பம்பா 1910 இல் ஆயுதப் போரைத் தவிர்க்குமாறு சீடருக்கு அறிவுறுத்தினார். முதலாம் உலகப்போரின்போது படைக்கு ஆட்சேர்ப்பதில் முரீதிய ஷெய்குகள் ஒத்துழைத்தனர். நாடுகடத்தியவர்களே அவருக்குப் பின்னர் விருதும் வழங்கினர்.

ஆனால், சுரண்டல் என்னும் ஒரு சொல்லால் இவ்வுறவு முழுவதையும் விளக்கிவிடலாம் எனக் கொள்வது பொருந்தாது. 1971 இல் முரீதியர் பற்றி விரிவான நூல் எழுதிய டொனல் குரூஸ் ஓ'பிறையன், சீடரின் வாய்ச்சொல்லுக்கும் செயலுக்குமிடையே உள்ள இடைவெளியைச் சுட்டிக்காட்டினார். குளிப்பாட்டுவோன் கையிலுள்ள மையித்தைப் போல ஷெய்குவின் கையிற் சீடன் இருத்தல் வேண்டும் என்பது சூபிகளிடையே வழங்கும் பழைய உவமை. முரீதியரும் அதனை விரும்பிக் கூறுவர். நடைமுறையிலோ குடியானவன் ஷெய்குவின் வயலிற் செலவிட்ட நேரம் அவன் தன் வயலிற் செலவிட்டதிலும் மிகக் குறைவு. பதிலாக அவனுக்கு நிலம் கிடைத்தது, பஞ்சத்தில் தானியம் கிடைத்தது, அதிகாரியிடம் அவனுக்காகப் பேச ஒருவர் கிடைத்தார். கொடாத ஷெய்குவை விட்டுச் சீடர் வேறொருவரிடம் செல்வதும் உண்டு. மையித்தென்று சொல்லிக்கொண்டவன் கணக்குப் பார்க்கத் தெரிந்தவனாகவே இருந்தான். 1968 முதல் வறட்சி தொடர்ந்து, அரசு நிலக்கடலைக்கு அளித்த விலையும் வீழ்ந்தபோது, அப்போதைய தலைமை ஷெய்குவாகிய அப்துல் அஹத் குடியானவர் பக்கம் நின்று அரசுடன் முரண்பட்டமையையும் இங்கு நினைத்தல் தகும். சீடர் நிலக்கடலையைக் குறைத்துத் தமது உணவுக்கான தினையைப் பயிரிட்டனர். சீடரின் வயிறு காய்ந்தால் ஷெய்குவின் செல்வாக்கும் காய்ந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நிலக்கடலையால் வளர்ந்த தரீக்கா நிலக்கடலையோடு வாடிவிடும் என எதிர்பார்ப்பது நியாயமாகவே தோன்றும். மண் வளமிழந்தது, மழை பொய்த்தது, இளைஞர் கிராமத்தை விட்டு நகருக்குச் சென்றனர். நகரம் சமயப் பிடிப்பைத் தளர்த்தும் என்பது சமூகவியலாரின் பழகிய வாய்பாடு. ஆயினும் முரீதியர் வாடவில்லை. அதற்குக் காரணமாக அமைந்தது எந்தவொரு ஷெய்குவின் திட்டமுமன்று. ஷெய்கு அருகில் இல்லாத இடத்திலே சீடர் தாமாகவே ஆக்கிக்கொண்ட தாஹிரா என்னும் சிறு சங்கமே அது.

இரண்டாம் உலகப்போரை அண்டிய காலத்தில் டக்கார் முதலிய நகரங்களிற் குடியேறிய முரீதியர் வாரந்தோறும் ஒருவர் வீட்டிற் கூடிப் பம்பாவின் கஸீதாக்களை ஓதலாயினர். ஓதல் முடிந்தபின் சந்தா சேர்ப்பர். யார் நோயுற்றார், யாருக்கு வேலையில்லை, யார் வீட்டிற் குழந்தை பிறந்தது எனக் கேட்டறிவர். சங்கத்துக்குத் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் இருப்பர். கணக்குப் புத்தகமும் இருக்கும். தாராவில் நிலம் இருந்தது, ஷெய்கு இருந்தார். தாஹிராவில் இரண்டும் இல்லை. கூடுவோர் மட்டுமே இருந்தனர். முதலில் ஒரே ஷெய்குவின் சீடர் சேர்ந்து அமைத்த இச்சங்கம் பின்னர் ஒரே தெருவினர், ஒரே சந்தையினர், ஒரே தொழிற்சாலையினர் சேரும் சங்கமாயிற்று. அந்நிய ஆட்சி அறிமுகப்படுத்திய நலன்புரிச் சங்கத்தின் யாப்பு வடிவத்தைத் தரீக்கா தனதாக்கிக்கொண்டது எனலாம். மரபென்றும் நவீனமென்றும் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு ஆராய்வோர் தாஹிராவை எந்தப் பெட்டியில் இடுவது என்று தடுமாறுவர்.

1975 இல் டக்கார்ப் பல்கலைக்கழகத்து மாணவர் அமைத்த தாஹிரா தனியே குறிப்பிடத்தக்கது. அக்காலத்திற் பிரெஞ்சு மொழியிற் கல்வி கற்றோர், ஷெய்குவை வணங்கும் குடியானவரைப் பார்த்து நகைப்பதே நாகரிகமாயிருந்தது. மார்க்சியமும் சீர்திருத்த இஸ்லாமும் மாணவரை இருபுறமும் இழுத்தன. அந்நிலையில் இம்மாணவர் தாம் முரீதியரென்பதை வெளிப்படையாக அறிவித்தனர், பம்பாவின் எழுத்துகளைத் தேடிச் சேகரித்தனர், மொழிபெயர்த்தனர், கண்காட்சிகள் நடத்தினர். பின்னர் ஹிஸ்புத் தர்கிய்யா எனப் பெயர்பெற்ற இவ்வமைப்பு தூபாவிலே நிலைகொண்டு, மாகால் விருந்தினர்க்கு உணவளிக்கும் பெரும்பணியைக் கணினியின் துணையோடு ஒழுங்குசெய்யும் அளவுக்கு வளர்ந்தது. அதன் வளர்ச்சி 1990களின் பிற்பகுதியிற் பம்பாவின் பேரர் சிலரின் அதிருப்திக்கும் காரணமாயிற்று. ஷெய்குவின் இரத்த வழிவந்தவர்க்கும், கல்வியாலும் நிருவாகத் திறனாலும் உயர்ந்த சீடர்க்கும் இடையே தூபாவிற் பெரியவர் யார்? இக்கேள்வி இன்னும் முற்றாகத் தீர்க்கப்படவில்லை.

கடல்கடந்த கதை ஓரளவு பலரும் அறிந்ததே. டக்காரின் சன்டாகா சந்தையில் வணிகம் பழகிய முரீதியர் 1970களிலும் 80களிலும் பாரிஸ், மார்சே, வட இத்தாலி, நியூயோர்க் எனப் பரந்தனர். மழை பெய்தால் குடையும், வெயிலடித்தால் கண்ணாடியும் விற்கும் தெரு வணிகராகவே பெரும்பாலோர் தொடங்கினர். முதலில் வந்தவர் அடுத்து வந்தவருக்கு அறையிலே பாய்விரிக்க இடமும், விற்பதற்குக் கடனாகப் பொருளும் கொடுத்தார். எழுத்தில்லாக் கடன் அது. தாஹிராவில் முகம் பார்க்க வேண்டியிருப்பதே அதற்குப் பிணை. தாராவில் ஒரு பானைச் சோற்றைப் பகிர்ந்துண்டு கூட்டாக உழைத்த முறை அடுக்குமாடி அறைக்குள்ளே மறுபிறப்பெடுத்தது. நியூயோர்க் நகர நிருவாகம் 1994 இல் ஹார்லெம் 125 ஆம் தெருவிலிருந்து வணிகரை அகற்றியபோது, பலர் 116 ஆம் தெருவிலே பள்ளிவாசலொன்று நடத்திய சந்தைக்கு மாறினர். அத்தெருவைச் சூழ்ந்த பகுதி இன்று சின்னச் செனகல் என வழங்குகின்றது. ஆண்டுதோறும் யூலை 28 ஆம் நாள் அங்கே பம்பாவின் பெயரால் ஊர்வலம் நடைபெறுகின்றது.

பம்பாவின் உருவப்படம் பற்றியும் ஈண்டு ஒரு வார்த்தை. அவருக்கு அறியப்பட்ட ஒளிப்படம் ஒன்றே உண்டு. 1913 இல், அவர் கண்காணிப்பில் இருந்தபோது எடுக்கப்பட்டது. அந்நிய ஆட்சியின் இஸ்லாமிய விவகார அதிகாரியான போல் மார்தியின் நூலில் 1917 இல் வெளியாயிற்று. வெள்ளாடை, முகத்தின் கீழ்ப்பாதியை மறைக்கும் தலைத்துணி, கண்களில் விழும் நிழல் என்பன தவிர அதில் வேறொன்றும் தெளிவில்லை. ஆட்சியாளரின் கோப்புக்குரிய அப்படம் இன்று டக்காரின் சுவர்களிலும் பேருந்துகளிலும், பாரிஸ் நகரத்து அறைகளிலும் காட்சி தருகின்றது. காவலரின் கருவியைச் சீடர் அருளின் கருவியாக்கிக் கொண்டனர்.

இவ்வாறு அமைப்பு விரிந்தபோது ஷெய்குவின் ஆணை என்னவாயிற்று? முரீதியர் இவ்வாணையை ந்திகல் என்பர். பம்பாவுக்குப் பின் அவருடைய புதல்வர் ஐவர் 1927 முதல் 2007 வரை ஒருவர்பின் ஒருவராகத் தலைமை ஷெய்குகளாயினர். அதன்பின் பேரர் காலம் தொடங்கியது. இரண்டாவது தலைமை ஷெய்குவாகிய ஃபாலிலு, 1962 இன் அரசியல் நெருக்கடியின்போது சனாதிபதி செங்கோரை ஆதரித்தார். செங்கோர் கத்தோலிக்கர் என்பதும், முஸ்லிம்கள் மிகப்பெரும்பான்மையாக வாழும் நாட்டிலே ஷெய்குகளின் துணையுடனேயே அவர் இருபதாண்டு ஆட்சி நடத்தினார் என்பதும் சிந்தனைக்குரியன. கிராமத்துக் குடியானவன் ஷெய்கு சொன்னவருக்கு வாக்களித்தான். பதிலாகக் கிணறும் வீதியும் வந்தன. 1988 தேர்தலில் அப்துல் அஹத், சனாதிபதி அப்து தியூஃபுக்கு வாக்களிப்பதைப் பம்பாவுக்குச் செய்யும் விசுவாசத்தோடு இணைத்துப் பேசினார். நகரத்து இளைஞரிடையே முணுமுணுப்பு எழுந்தது. மறையியல் விடயத்தில் ஷெய்குவுக்குத் தலைவணங்குவோம். வாக்குச்சீட்டு எங்களுடையது என்பதே அம்முணுமுணுப்பின் சாரம். அதன்பின்னர் வந்த தலைமை ஷெய்குகள் சனாதிபதித் தேர்தலில் வெளிப்படையாக ஆணையிடுவதைத் தவிர்த்தனர். 2000 இல் வெற்றிபெற்ற அப்துலாய் வாட் தாமே முரீதியர். வெற்றி பெற்றவுடன் தூபாவுக்கு விரைந்து ஷெய்குவின் முன் பணிந்தவர். அத்தகையவரே 2012 இல் தோல்வியுற்றார். பிரபல ஷெய்கு ஒருவர் அவருக்காக இட்ட ஆணையும் பயன்படவில்லை.

இதனைத் தரீக்காவின் தேய்வெனச் சிலர் கருதலாம். அதே சீடர்தாம் மாகாலுக்குப் பல இலட்சமாகத் திரள்கின்றனர். அதே சீடர்தாம் பள்ளிவாசலுக்கும் வைத்தியசாலைக்கும் கேளாமலே கொடுக்கின்றனர். 1932 இல் தொடங்கி 1963 இல் திறக்கப்பட்ட தூபாப் பெரிய பள்ளிவாசலும், 2019 இல் டக்காரில் திறக்கப்பட்ட பிரமாண்டமான பள்ளிவாசலும், புலம்பெயர்ந்தோர் சங்கமொன்றின் முயற்சியால் எழுந்த தூபா வைத்தியசாலையும் இதற்குச் சான்றாம். கீழ்ப்படிதல் மறையவில்லை, அதன் எல்லையைச் சீடர் தாமே வரையலாயினர். தாஹிராவிலே பொருளாளரைத் தெரிவுசெய்யவும், கணக்குக் கேட்கவும் பழகியவர் அப்பழக்கத்தை வாசலிலே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வாக்குச்சாவடிக்குச் செல்வர் என எதிர்பார்க்க முடியாது.

எனினும், இச்சமூகத்தைப் புகழ்வதோடு அமைவது நேர்மையாகாது. தூபா 1960 அளவிற் சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். 2013 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அதன் சனத்தொகை ஏழு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஷெய்குகள் நிலத்தைப் பங்கிட, நீர் இலவசமாக வழங்கப்பட, மதுவும் புகையிலையும் தடைசெய்யப்பட்ட இந்நகரம் அரசுக்குள் ஓரரசாக விளங்குகின்றது. 1990களில் இங்குப் பிரெஞ்சுமொழிப் பாடசாலைகள் மூடப்பட்டன. பம்பாவின் புதல்வருள் ஒருவராகிய முர்த்தலா நாடெங்கும் அரபுக் கல்விக்கூடங்களை நிறுவியமையும், அண்மையில் தூபாவிலேயே பல்கலைக்கழகம் எழுந்தமையும் அவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்யலாம். 1991 இல், கெல்கோம் எனப்படும் இடத்தில், மேய்ச்சற்காடாக ஒதுக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 45,000 ஹெக்டேயர் நிலம் தரீக்காவின் நிலக்கடலைப் பண்ணைக்காக அரசால் விடுவிக்கப்பட்டது. சீடர் சில வாரங்களிற் காட்டை வெட்டி வீழ்த்தினர். ஆயிரக்கணக்கான ஃபுலா இடையரும் அவர்தம் மந்தைகளும் வெளியேற நேர்ந்தது. வணக்கமாகச் செய்யப்பட்ட அவ்வுழைப்பு அவ்விடையரின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை முரீதிய எழுத்தாளர் அதிகம் பேசுவதில்லை.

பெண்களின் நிலையும் அத்தகையதே. பம்பாவின் தாயாராகிய மாம் தியாரா பூசோவின் அடக்கத்தலம் அமைந்த பொறோகான் ஊருக்குப் பெண்களின் தாஹிராக்களே பெருமளவில் யாத்திரையை ஒழுங்குசெய்கின்றன. பணம் திரட்டுவதும் சமைப்பதும் கூட்டம் நடத்துவதும் அவர்களே. தியெஸ் நகரில் ஸொஹ்னா மகாத் தியோப் என்னும் பெண்மணி தந்தையின்பின் 1943 முதல் ஷெய்குவாக விளங்கினார். ஆனால் பொதுவிடங்களில் ஆண்களே அவர் சார்பில் முன்னின்றனர். 2014 உள்ளூராட்சித் தேர்தலில், வேட்பாளர் பட்டியலில் ஆண்பெண் சமத்துவத்தை நாட்டின் சட்டம் வேண்டிநின்றபோது, தூபாவிலிருந்து முற்றிலும் ஆண்களே கொண்ட பட்டியல் முன்வைக்கப்பட்டது. வாக்குச்சீட்டு எங்களுடையது என்று முணுமுணுத்த உரிமை பாதிச் சமூகத்தை இன்னும் சென்றடையவில்லை போலும்.

புலம்பெயர்ந்த முரீதியரின் தாஹிராச் சந்தாவில் ஒரு பகுதி மரணச் செலவுக்கென ஒதுக்கப்படுவது வழக்கம். நியூயோர்க்கிலோ பிரெசியாவிலோ ஒருவர் இறந்தால், மையித்தை விமானமேற்றித் தூபாவுக்கு அனுப்புவது சங்கத்தின் கடன். பம்பாவின் அருகே அடங்குவது முரீதியரின் பெருவிருப்பம். 2020 இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, அந்நோயால் வெளிநாடுகளில் இறந்தோரின் உடல்களை நாட்டுக்குள் கொண்டுவர செனகல் அரசு தடைவிதித்தது. பிரான்சிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் உடல்கள் பிணவறைகளிற் காத்துக்கிடந்தன. புலம்பெயர்ந்தோர் ஷெய்குவின் ஆணைக்குக் காத்திராமல் ஒன்றுதிரண்டு, சட்டத்தரணிகளை அமர்த்தி, நாட்டின் உயர்நீதிமன்றுக்குச் சென்றனர். அங்கே வழக்குத் தோற்றது. ஆயினும் குரல் ஓயவில்லை; மே மாதத்தில் சனாதிபதி தடையை நீக்கினார். பெட்டிகள் ஒவ்வொன்றாக டக்கார் விமான நிலையத்தை வந்தடைந்தன. அங்கிருந்து தூபா செல்லும் வீதியில் அவற்றை ஏற்றிச்சென்ற வண்டிகளின் செலவுக்கு, குடையும் கண்ணாடியும் விற்ற காசிலிருந்து வாரந்தோறும் சேர்த்த சந்தா போதுமாயிருந்தது.